பொட்டி கேசு

எங்கள் அப்பா யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். தானே யோசித்துத் தானே முடிவு கட்டிவிடுவார். ஒருமுறை எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. மேல் வீட்டுக்காரர் வேண்டுமென்றே வால்வை மூடிவிட்டார் என்று அப்பா முடிவு செய்தார். பிறகு பார்த்தால் தெருவுக்கே தண்ணீர் இல்லை. தண்ணீர் வந்தது, மேல் வீட்டுக்காரரோடு பேச்சு மட்டும் வரவில்லை. எதிரே வந்தால் அந்த மனிதர் சிரிப்பார், அப்பா வானத்தைப் பார்ப்பார். "போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?" என்று அம்மா முணுமுணுத்தால், "கேட்டா உண்மையச் சொல்லிருவானாக்கும்?" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் அவர். எத்தனை வருடம் ஆவடியில் இருந்தாலும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. மெட்ராஸ்காரர்கள் பேசுவது பாதி புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் மாட்டார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து தனக்குத் தோன்றிய அர்த்தத்தை எங்களுக்குச் சொல்லுவார். இந்தப் பழக்கத்தால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எண்பதுகளின் கடைசி அது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற சிறிய கம்பெனி ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாள் முழுக்க வாஷர்களைப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கோணலை ஒரு பக்கமும் போடுவது என் வேலை. எனக்கு வரன்கள் வந்தபோது அப்பா அதே வேலையைச் செய்தார், ஒரே வித்தியாசம், அவருக்கு எல்லாமே கோணலாகத்தான் தெரிந்தது. ஒருத்தர் அதிகம் பேசுகிறார், ஒருத்தர் பேசவே இல்லை, இன்னொருத்தரின் சித்தப்பா காலை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நானும் ஒவ்வொரு தடவையும் புடவை கட்டி, காபி கொடுத்து, உள்ளே போய், புடவையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையும் அம்பத்தூர் எஸ்டேட்டில்தான், வேறொரு கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்க, அவர் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பதற்றத்தில் சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அவருடைய அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. எங்கள் அப்பாகூட முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "காபில சக்கர இல்லீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் என் முன்னால் நல்லவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் இவராகவே உட்கார்ந்திருந்தார்.

ஆச்சரியமாக அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. பேசி முடித்து, நிச்சயத்துக்கு நாளும் பார்த்தாகிவிட்டது. அவர்கள் கிளம்ப எழுந்தபோது அப்பா காலண்டரைப் பார்த்துவிட்டு வாசலை மறித்துக்கொண்டார். "ராகு காலம் ஆரம்பிச்சிட்டு. நல்ல காரியம் பேசிட்டு இப்ப எறங்கக் கூடாது. முடியட்டும்" என்றார். அவர்களுக்குப் பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சம்பந்தி சொல்கிறாரே என்று மறுபடி உட்கார்ந்தார்கள். ராகு காலம் முடிந்து அவர்கள் தெருமுனைக்குப் போனபோது பஸ் போய்விட்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனால் படிக்கிறவர்களையும் எங்கள் அப்பாவைப்போலத் தவிக்க விடுவானேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கம் பஸ் அபூர்வம். நின்று நின்று பார்த்துவிட்டு, மாப்பிள்ளை தன் அப்பாவையும் அம்மாவையும் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டிருக்கிறார். மூன்று பேர். பூந்தமல்லிக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ் நின்றிருக்கிறது. ஓரம் கட்டச் சொல்லி, லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு வர வேண்டிய தேதியைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். விளக்கில்லாமல் போவது, ஒருவழிப் பாதையில் நுழைவது, அதிகம் ஆள் ஏற்றுவது எல்லாம் போலீஸ் பாஷையில் 'பெட்டி கேஸ்'. சின்னது என்று பொருள்படும் இங்கிலீஷ் வார்த்தை அது. மெட்ராஸ்காரர் வாயில் விழுந்து, அது பொட்டி கேசு ஆகிவிட்டது.

அதே இடத்தில் அதே மாலையில் இன்னொருவரும் மாட்டியிருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா மார்க்கெட்டுக்குப் போனால் அவருடைய ஆட்டோவில்தான் போவார். மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அந்த ஆள் ஓடி வந்து சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டார். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

"இன்னா நைனா, புது மாப்ள நம்ம ஆளுன்னு சொல்லவேயில்லியே! அவரு மேலயும் பொட்டி கேசு கீது. ரெண்டு பேருக்கும் ஒரே நாளு, பூந்தமல்லி கோர்ட்டு."

அப்பா எப்போதும்போலத் தலையை ஆட்டினார்.

"அவங்க அம்மாவும் நைனாவும்கூட கூடத்தான் இருந்தாங்கோ. உங்க ஊட்லேந்து வர்றசொல்ல மூணு பேரும் சேந்து மாட்டிக்கினாங்கோ. பாவம், அந்தம்மா அழுதுட்ச்சு."

அப்பா மறுபடி தலையை ஆட்டினார். பிறகு வேலைக்குப் போகாமல் திரும்பி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

பெட்டி என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணச் சொல் இல்லை. அதற்கு முந்தின வருடம் ஊருக்குப் போகும்போது ரயிலில் எங்கள் டிரங்குப் பெட்டியை யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அம்மாவின் கல்யாணப் பட்டு அதில்தான் இருந்தது. அப்பா பெஞ்சிலிருந்து காலை நீட்டிப் பெட்டிமேல் வைத்துக்கொண்டுதான் தூங்கினார். விழித்தபோது கால் அந்தரத்தில் இருந்தது. அந்த அவமானம் அவருக்குத் தீரவே இல்லை.

"ஏட்டி, நம்ம வீட்டுல பெட்டி எல்லாம் சரியா இருக்கான்னு பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒன்றும் புரியாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். பரணில் ஏறினார். தையல் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, அப்பாவின் ஷேவிங் பெட்டி வரை எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினார். "எல்லாம் இருக்குங்க. என்ன விஷயம்?"

"அப்ப வேற வீட்டுப் பெட்டி" என்றார் அப்பா. "இங்கேருந்து போகும்போது செஞ்சிருக்காவ. குடும்பமாச் செய்தாவ போலருக்கு. அந்த அம்மாவப் பாத்தா அப்படியா தெரிஞ்சுது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்த வயதான அம்மா, முழங்கால் வலியோடு, காலை மெதுவாக நீட்டி உட்கார்ந்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எப்படிக் கற்பனை செய்வது? ஆனால் கோர்ட்டு, கேஸ், தேதி என்று எல்லாம் நிஜமாக இருக்கின்றன. அந்த ஆட்டோக்காரருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. எனக்கும் பொட்டி என்றால் பெட்டிதான். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

தரகரிடம் சொல்லி நிச்சயத்தை நிறுத்திவிடலாம், ஜாதகம் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா முடிவு கட்டினார். வீட்டில் அவர் முடிவை எதிர்த்து நான் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"அவரையே ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிவு பண்ணுங்கப்பா."

"களவாண்டவங்கிட்ட போய் நீ களவாண்டியான்னு கேட்டா, ஆமாம்பானா?"

"அவர் சொல்லுவார்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

காபியில் சர்க்கரை இல்லை என்று சொன்னாரே என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஒருவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மொத்தமே அவ்வளவுதான் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அடம் பிடிக்க வேண்டும் என்று இல்லை, சோறு இறங்கவில்லை. கம்பெனியில் நல்ல வாஷர்களைக் கோணல் பக்கம் போட்டு ஏச்சு வாங்கினேன். மூன்றாம் நாள் அப்பா, "சரி. கோர்ட்டுல என்ன நடக்குதுன்னு கண்ணாலயே பாத்துருவோம். அதுக்கு மேல நீ பேசக் கூடாது" என்றார். பேச மாட்டேன் என்று சொன்னேன்.

ஆட்டோக்காரர் சொன்ன அந்தக் கோர்ட்டு நாள் வந்தது. நானும் அப்பாவும் ஆவடியில் பஸ் ஏறிப் பூந்தமல்லி போனோம். வெயில் இல்லாவிட்டாலும் அப்பா குடை எடுத்து வந்திருந்தார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் முகத்தை மறைத்துக்கொள்ளலாமாம். கோர்ட்டு வளாகத்தில் நான் நினைத்த பயங்கரம் ஒன்றும் இல்லை. டைப் அடிக்கிறவர்கள், வடை விற்கிறவர், குழந்தைக்குப் பவுடர் போட்டு இடுப்பில் வைத்திருக்கிற ஒரு பெண், பிரியாணி நன்றாக இருக்கும் கடை எது என்று விசாரிக்கிற ஒரு வக்கீல். பாதிப் பேர் லாரிக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், சைக்கிளில் விளக்கில்லாமல் போனவர்கள். எங்கள் ஆட்டோக்காரர் அங்கே ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல எல்லாரையும் விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா குடையை விரித்துக்கொண்டார்.

பக்கத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா தன் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "கேட்டா ஒத்துக்கினு வந்துடு. அபராதத்தக் கட்டினா இன்னிக்கே முடிஞ்சிடும். இல்லன்னு சொன்னியோ, வாய்தா வாய்தான்னு நடந்துக்கினே இருக்கணும்." அவ்வளவு சுலபமா என்று நான் அப்பாவைப் பார்த்தேன். "பெட்டி களவுக்கு வெறும் அபராதந்தானா? அதான் நாட்டுல இவ்வளவு பெட்டி போகுது" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

சின்னக் கேஸ்களை முதலில் எடுத்தார்கள். உள்ளே கூட்டம். நாங்கள் வாசற்படியில்தான் நிற்க முடிந்தது. தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று ஓடியதில், குற்றம் என்னவென்று உள்ளே படிப்பது எங்கள் காதுக்கு எட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவார் டவாலி. கூப்பிட்டவர் முன்னால் போய் நிற்பார். ஏதோ வேகமாகப் படிப்பார்கள். மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்ப்பார். உடனே "ஒத்துக்கிறேன் ஐயா" என்று ஒரு சத்தம். அடுத்தவர். படித்து முடிக்கும் வரைகூட எங்கள் ஆட்டோக்காரர் பொறுக்கவில்லை, கை கட்டி, "ஒத்துக்கிறேன் எசமான்" என்றார். அனுபவம்.

அடுத்து மாப்பிள்ளை பேரைக் கூப்பிட்டார்கள்.

பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. நேராக நடந்து போய் நின்றார். படித்தார்கள். மாஜிஸ்திரேட் ஏதோ கேட்டார். 'இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள்' என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவர் தலையைக்கூடக் குனியவில்லை.

"ஒத்துக்கிறேன் ஐயா."

அப்பா என் கையைப் பிடித்தார். கோபமாகப் பிடிக்கவில்லை, விழுந்துவிடாமல் இருப்பதற்காகப் பிடித்ததுபோல் இருந்தது. "ஆமான்னு சொல்லிட்டானே" என்று மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் கோபத்தைக் காணோம். ஒரு திருடன் கேட்டவுடன் ஒப்புக்கொள்வான் என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. "வா, போவோம்" என்று படியிறங்கினார். நான் படியிலேயே நின்றேன். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அதைவிட அதிகமாக, அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார். அபராதம் கட்டுகிற வரிசைக்குப் போகிறவர், எங்களைப் பார்த்ததும் முகம் மலர நின்றார். "வாங்க மாமா! இன்னாது, உங்களுக்குமா கேசு?"

அப்பா குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பேச மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கு அங்கேயே போயிற்று. நான் மாப்பிள்ளையோடு வாழ்க்கையில் முதன்முதலாகப் பேசிய வார்த்தைகள் இவை:

"யாரோட பெட்டி அது?"

"எந்தப் பெட்டி?"

"நீங்க, உங்கம்மா, உங்கப்பா மூணு பேரும் சேர்ந்து எடுத்த பெட்டி. இப்ப ஒத்துக்கிட்டீங்களே, அந்தப் பெட்டி."

அவர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பின்னால் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவருக்கு எல்லாம் விளங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "அந்தப் பெட்டி வேறங்க, இந்தப் பெட்டி வேற" என்று ஆரம்பித்து, இங்கிலீஷில் சின்னது என்று அர்த்தம், சின்ன வழக்கு, ஸ்கூட்டரில் மூன்று பேர் போனோம், அவ்வளவுதான் என்று விளக்கினார். எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே எழுத்துதான். எங்கள் அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை.

"அய்யே, பொட்டி தூக்குனவன்னு நெனச்சியா நைனா?" என்று ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ என்னையும் அப்டித்தான் நெனச்சியா? உங்க ஊட்டம்மா என் வண்டிலதான மார்க்கெட்டு போவுது!"

அப்பாவுக்கு வியர்த்திருந்தது. தப்பு தன் பக்கம் இருக்கும்போது அவர் எப்போதும் செய்வதையே செய்தார், எதிராளி பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ள, ஒரு வண்டில மூணு பேர் போகலாமா தம்பி?"

மாப்பிள்ளை முதன்முறையாகத் தயங்கினார். "தப்புதான் மாமா. பஸ்ஸு போய்டுச்சு."

"முன்னமே எறங்கிருந்தா பஸ்ஸு கெடச்சிருக்கும்லா?"

அவர் தரையைப் பார்த்தார். காபியைப் பற்றி அவ்வளவு பட்டென்று சொன்னவர், இதற்குப் பதில் சொல்லாமல் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதானப்பா ராகு காலம்னு வாசல்ல நின்னு மறிச்சீங்க" என்றேன்.

வரிசையில் இரண்டு பேர் முன்னால் போனார்கள். மேல் வீட்டுக்காரர் எதிரே வந்தால் செய்வதுபோல அப்பா இப்போதும் வானத்தைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மாப்பிள்ளையைத்தான் பார்த்தார்.

"தம்பி, ஒங்களக் களவாணின்னு நெனச்சிட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு எம்மேலதான், ஒத்துக்கிடுதேன்."

பின்னால் இதைச் சொன்னபோது அம்மா நம்பவே இல்லை. எனக்கே அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மாப்பிள்ளை அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டு, "ஒத்துக்கினீங்க இல்ல மாமா, அதோட கேசு முடிஞ்சுது. வாங்க, காபி சாப்பிடலாம்" என்றார்.

இரண்டடி எடுத்து வைத்தவர் நின்று என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி எல்லாரும் பேசினோம். உங்களுக்குச் சம்மதமான்னு ஒருத்தரும் கேக்கலியே. இப்பதான் ஞாபகம் வருது. நீங்க இன்னா சொல்றீங்க?"

நிஜம்தான். எந்த வரனுக்கும் யாரும் என்னைக் கேட்டதில்லை, அப்பா உட்பட. அப்பா என் முகத்தைப் பார்த்தார், இந்தத் தடவை தானாக ஒரு முடிவுக்கும் வராமல் காத்திருந்தார்.

"ஒத்துக்கிறேன்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து டவாலி எட்டிப் பார்த்து, இன்னும் பேர் கூப்பிடவில்லை, அமைதியாக இரும்மா என்று அதட்டினார்.